வலைக்கு வராத பந்து: உரும்பிராய் வளவில் ஒரு ஷாங்க் ஆய்வு

அத்தான் அடித்த முதலாவது பந்து வலைப் பக்கமே போகவில்லை. இரண்டு பனைகளுக்கு நடுவே நேர் முன்னால் வலை கட்டியிருந்தேன். பந்து வலது கைப் பக்கமாக முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போய், ஓலை வேலியைத் துளைத்து, பக்கத்து வளவுத் தகரக் கொட்டிலில் டங்கென்று மோதியது. அங்கே கட்டியிருந்த மாடு துள்ளி எழும்பியது.

"தம்பி, இதுதான். ரெலிபோனிலை சொன்னனே, அது இதுதான்" என்றார் அத்தான்.

கோல்ஃப்காரர் இதை ஷாங்க் என்பார்கள். பழைய ஆங்கிலேயர் சொக்கெட் என்றும் சொல்வதுண்டு. பலர் அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். எங்கள் வீட்டில் ஆறு கிழமை அந்தச் சொல்லைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. அந்த ஆறு கிழமையில் என்ன பார்த்தோம், எங்கே பிழை விட்டோம், எது வேலை செய்தது என்பதைக் குறிப்புக் கொப்பியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆள் விவரம்: அக்காவின் கணவர், வயது 61, வலக்கைக்காரர். முப்பது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவில் இருக்கிறார். அதில் பெரும்பகுதி லொறி ஓட்டியது. கோல்ஃப் தொடங்கி ஆறு வருடம். அங்கே பனி கொட்டும் மாதங்களில் மைதானம் கிடையாது என்பதால் ஆறு வருடம் என்பது உண்மையில் ஆறு கோடை. நல்லூர்த் திருவிழாவுக்கென்று அக்காவோடு வந்தவர், நீளப் பெட்டி ஒன்றில் மூன்று மட்டைகளையும் கொண்டுவந்திருந்தார்: இரும்புத் தலை வைத்த 7ஆம் நம்பர் அயன், கிட்டத் தூரத்துக்கு உயர்த்தி அடிக்கிற பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ். திரும்பிப் போனதும் புரட்டாதியில் ஊர்ச் சங்கம் ஒன்றின் போட்டி. அதற்குள் இதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "இவனுக்கு என்ன தெரியும்" என்று கேட்பீர்கள். கோல்ஃப் எங்கள் ஊர் விளையாட்டு இல்லை. இலங்கையில் அது 1879இல் கொழும்பில் வேர் பிடித்து, பிறகு துரைமாரோடு நுவரெலியாவுக்கு ஏறியது. வங்கியில் இருந்தபோது என்னை நாலு வருடம் நுவரெலியாவுக்கு மாற்றிவிட்டார்கள். குளிரில் பின்னேரம் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் பழகியதுதான். எனக்குச் சொல்லித் தந்தவர்கள் பயிற்சியாளர்கள் இல்லை, பை தூக்கும் மலையகப் பெடியன்கள். அவர்களில் ஒருவன் என் அடியைப் பார்த்துவிட்டு "சார், கால் நுனியில நிக்கிறீங்க" என்றான். அந்த ஒரு வரியை இருபது வருடம் கழித்து உரும்பிராயில் எடுத்துப் பாவிக்க வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

களம் பற்றி இரண்டு வரி. வலை மயிலிட்டிப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் வாங்கிய பழைய மீன்வலை. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே வலைக்கண் அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வலைக்காரர் "இது என்ன மீன்?" என்று கேட்டாராம். நிலம் செம்மண், மேலே அறுகம்புல். வெப்ப நாடுகளில் கோல்ஃப் திடல்களுக்குப் போடுகிற பெர்முடா புல் என்பது நாங்கள் பிள்ளையாருக்கு வைக்கிற இதே அறுகுதான். ஆகவே புல் விஷயத்தில் எங்கள் வளவுக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் நாள் கணக்கு இது. 7ஆம் நம்பர் அயனால் 30 பந்து, அதில் 9 ஷாங்க். ஒன்பது என்கிற எண்ணைவிட அது விழுந்த ஒழுங்குதான் என்னை யோசிக்க வைத்தது. முதல் பத்தில் 1, அடுத்த பத்தில் 3, கடைசிப் பத்தில் 5. இது வெறும் தற்செயல் என்றால் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறியிருக்கும். போகப் போக ஏறுகிறது என்றால் களைப்பு, பயம், அல்லது ஒவ்வொரு பிழைக்குப் பிறகும் அவர் செய்கிற திருத்தம், இந்த மூன்றில் ஏதோ ஒன்று அதை ஏற்றுகிறது.

எனக்குச் சந்தேகம் திருத்தத்தின் மேல்தான் போனது. "ஷாங்க் வந்தவுடனே என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"கிட்டப் போவன்."

"ஏன்?"

"பந்து பொயின்ற் பக்கம் போகுது. அப்பிடியெண்டா வெளி விளிம்பிலை படுது. எனக்கு எட்டேல்லை."

அத்தான் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடியவர். யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்கள் இரண்டு வருடா வருடம் மோதுகிற வடக்கின் பெருஞ்சமர் நடக்கிற நாளில் இன்றைக்கும் ரொறன்ரோவில் விடிய எழும்பி ஸ்கோர் கேட்கிற ஆள். அவர் சொன்னது கிரிக்கெட் கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. வலக்கைத் துடுப்பாட்டக்காரனின் பந்து பின்னுக்கோ பொயின்ற் பக்கமோ தெறித்தால் மட்டையின் வெளி விளிம்பைச் சந்தேகிக்க வேண்டியதுதான். காலை இன்னும் முன்னுக்கு வை, பந்துக்குக் கிட்டப் போ, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுபோ. எங்கள் ஊரில் எந்த மாஸ்ரரும் அதைத்தான் சொல்லித் தருவார்.

கோல்ஃப் மட்டையில் கதை தலைகீழ். பந்து கவர் பக்கமோ பொயின்ற் பக்கமோ பறந்தால் அது பட்டது வெளி நுனியில் இல்லை, உள்பக்கத்தில். தண்டும் தலையும் சேருகிற உருண்டைக் கழுத்தில். நுனியில் பட்ட பந்தும் கொஞ்சம் வலது பக்கம் போகத்தான் செய்யும். ஆனால் அது சோர்ந்த பந்து, மட்டை கையில் முறுகும், வலையின் வலது மூலையிலாவது விழும். கழுத்தில் பட்டது அப்படியில்லை. உருண்டை இரும்பில் மோதிப் பக்கவாட்டில், வேகம் குறையாமல் தெறிக்கும். மாட்டிடம் கேட்டால் சொல்லும்.

அதாவது அத்தான் ஒவ்வொரு ஷாங்க்குக்குப் பிறகும் கழுத்தைப் பந்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கடைசிப் பத்தில் ஐந்து வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வாயால் சொன்னால் அவர் நம்பவில்லை. தடயம் காட்ட வேண்டியிருந்தது. மட்டை முகத்தில் மெல்லிய வெள்ளை ஏதாவது பூசினால் பந்து பட்ட இடம் தெரியும். வெளிநாட்டில் கால் நாற்றத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரேயைப் பாவிப்பார்கள். நான் முதலில் எடுத்தது சாமியறைத் திருநீறு. அக்கா குசினியிலிருந்தே கண்டுவிட்டா. "அதை இரும்பிலை பூசி விளையாடினா கை விளங்காது, சொல்லிப்போட்டன்" என்றா. சரி, வெண்கட்டிக்கு மாறினோம். பிள்ளைகளின் பழைய பெட்டியில் நாலு துண்டு இருந்தது. முகத்திலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்துவிட்டு அடிக்கச் சொன்னேன்.

நல்லபடி போன பந்து முகத்தின் நடுவுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு ரூபாய்க் குற்றியளவு வெள்ளையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அடுத்தது ஷாங்க். மட்டையைத் திருப்பிப் பார்த்தோம். முகத்தில் பூசிய வெண்கட்டி பூசியபடியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. கழுத்தின் வளைவில் மட்டும் நகத்தால் பிராண்டியது போல ஒரு பிறை. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பிறையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் நடுப்புள்ளிக்கும் பிறைக்கும் இடையை அளந்தார். இரண்டு விரல் அகலம்கூட வரவில்லை.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். ஷாங்க் என்பது பார்ப்பதற்கு உலகத்திலேயே மோசமான அடி, ஆனால் நல்ல அடிக்கு அடுத்த வளவில்தான் குடியிருக்கிறது. தரையைக் கிண்டுகிறவனைவிட, பந்தின் தலையைத் தட்டுகிறவனைவிட, ஷாங்க் அடிக்கிறவன் சில சமயம் சரியான வீச்சுக்குக் கிட்ட நிற்கிறான். 1972இல் அமெரிக்காவின் பெபிள் பீச்சில் நடந்த போட்டியில் பெயர்பெற்ற வீரர் ஜோனி மில்லர் கடைசிச் சுற்றின் 16ஆவது குழியில், அதுவும் 7ஆம் நம்பர் அயனால்தான், ஒரு ஷாங்க் அடித்தார். பிறகு சமநிலையை முறிக்க ஆடுகிற பிளேஓவில் ஜாக் நிக்லாஸிடம் தோற்றார். இதைச் சொன்னதும் அத்தானுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அதே நம்பர் மட்டை என்பதில் ஒரு பெருமைகூட இருந்த மாதிரித் தெரிந்தது.

"கழுத்து இல்லாத மட்டை செய்யலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விதி விடாது. பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டர் தவிர மற்ற எந்த மட்டைக்கும் தண்டு தலையின் குதிப் பக்கத்தில், அதாவது ஆளுக்குக் கிட்டவான முனையில்தான் இணைய வேண்டும். கழுத்தின் மேல் விளிம்பிலிருந்து அடிவரை 127 மில்லிமீட்டருக்கு மேல் போகவும் கூடாது. அதனால் தலையின் பாரம் எப்போதும் தண்டின் கோட்டுக்கு வெளியே தொங்குகிறது. வீசும்போது அந்தப் பாரம் மட்டையை வெளிப்பக்கம் இழுக்கும். அந்த இழுவையை உடம்பு பின்னால் இருந்து சமப்படுத்த வேண்டும். உடம்பும் சேர்ந்து முன்னுக்குப் போனால் பந்துக்கு நேரே வந்து நிற்பது கழுத்துத்தான்.

இங்கேதான் நான் மூன்று நாளை வீணாக்கினேன். கழுத்தில் படுகிறது என்று தெரிந்ததும் நேரே கைப்பிடிக்குப் போய்விட்டேன். இடது கை அதிகம் திரும்பியிருக்கிறது, வலது பெருவிரல் சரியில்லை என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். பந்தின் உயரம் மாறியது, வளைவு மாறியது, ஷாங்க் மாறவில்லை. நாலாம் நாள் 30இல் 10. வைத்தியர் மாறாமல் மருந்து மட்டும் மாறினால் இப்படித்தான்.

அதற்கு நடுவில் அத்தான் தானாகவே எதிர்த் திசைக்குப் போயிருந்தார். கிட்ட நின்றது பிழை என்றால் தள்ளி நின்றால் சரிதானே? ஒரு அடி பின்னால் போய் நின்று கையை நீட்டி அடித்தார். முதல் மூன்று பந்து நல்லாகப் போனது, நாலாவது தகரக் கொட்டிலுக்கு. இதுவும் பலருக்கு விளங்காத இடம். தள்ளி நின்றால் கழுத்தும் தள்ளித்தான் இருக்கும், நிற்கிற வரையில். ஆனால் எட்டிப் பிடிக்க உடம்பு முன்னுக்குச் சாயும், பாரம் கால்விரலுக்கு ஏறும். மட்டை கீழே வருகிற நேரம் ஆள் விழாமல் இருக்க முன்னுக்குத் தள்ளுப்பட்டுக்கொண்டு வருவார். கழுத்தை எவ்வளவு தள்ளி வைத்தாரோ அவ்வளவையும் தானே சுமந்து கொண்டுவந்து கொடுப்பார்.

அப்போதுதான் அந்தப் பெடியனின் சொல் ஞாபகம் வந்தது. கால் நுனி.

மேசனிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, அத்தான் நிற்கிற இடத்தில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. அந்த இடம் வாழைக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலை நோக்கிச் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் அவர் குதி மேட்டிலும் விரல் பள்ளத்திலுமாக நின்றிருக்கிறார், பந்தும் பாதத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் இருந்திருக்கிறது. போதாததற்கு ஓடுகிறதற்கென்று செய்த சப்பாத்து, அதன் குதி தடிப்பு. இரண்டும் சேர்ந்து ஆளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கின்றன.

இடத்தை மாமரத்தடிக்கு மாற்றி, மட்டம் பார்த்து, வெறுங்காலோடு நிற்க வைத்தேன். 30இல் 5. பாதி குறைந்தது. இங்கே ஆய்வை முடித்து "வாய்க்கால்தான் காரணம்" என்று எழுதியிருக்கலாம், அழகாக இருந்திருக்கும். ஆனால் ரொறன்ரோவில் அவர் பழகுகிற இடம் மட்டமான சீமெந்தின்மேல் பாய் விரித்தது. அங்கேயும் வந்திருக்கிறதே. சரிவு நோயைக் கூட்டியது, நோயை உண்டாக்கியது அது இல்லை.

அடுத்து தூக்குக்குண்டு. மாங்கொப்பிலிருந்து நூலில் தொங்கவிட்டு, அத்தானின் பின்பக்கம் நூலை ஒட்டி நிற்கும்படி நிறுத்தி, பந்து போக வேண்டிய கோட்டுக்குப் பின்னால் இருந்து கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தேன். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் எல்லாம் வெளிச்சம். மட்டையை மேலே தூக்கும்போது பின்பக்கம் நூலோடுதான் இருந்தது. கீழே வரத் தொடங்கியதும் இடுப்பு நூலை விட்டு முன்னுக்குப் போனது. பந்தில் படுகிற கணத்தில் நூலுக்கும் அவருக்கும் நடுவில் நாலு விரல் வெளிச்சம். குதி இரண்டும் நிலத்தை விட்டு எழும்பியிருந்தன. நடுவுக்கும் கழுத்துக்கும் இடைவெளி இரண்டு விரல், அவர் முன்னுக்குப் போனது நாலு விரல். மிச்சத்தைக் கைகள் எப்படியோ சமாளித்திருக்கின்றன. சமாளிக்காத பந்துகள்தான் வேலிக்குப் போயிருக்கின்றன.

உண்மையில் ஆச்சரியம் ஒன்பது ஷாங்க் வந்தது இல்லை, இருபத்தொன்று வராமல் விட்டதுதான்.

இடுப்பு ஏன் முன்னுக்குப் போகிறது? அத்தானிடம் இரண்டு காரணம் சேர்ந்திருந்தன என்பது என் எண்ணம். ஒன்று, இத்தனை வருடம் லொறி ஆசனத்தில் இருந்த இடுப்பு. அது பக்கவாட்டில் சுழல மறுக்கிறது. சுழலாத இடுப்புக்கு ஆளை நிமிர்த்தி முன்னுக்குத் தள்ளுவதுதான் மிச்ச வழி. மற்றது பழைய கிரிக்கெட். பந்தை நோக்கிப் போ என்று பதினாறு வயதில் உடம்புக்குள் போனது அறுபத்தொன்றிலும் வெளியே வரவில்லை. அங்கே பந்து வருகிறது, போக வேண்டும். இங்கே பந்து அசையாமல் கிடக்கிறது, யாரும் போகத் தேவையில்லை.

மருத்துவத்துக்கு வருவோம். எல்லாம் ஒரே அளவுக்கு வேலை செய்யவில்லை.

கதிரை முதலில். பின்பக்கம் தொடும்படி பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்து, அடித்து முடியும்வரை அந்தத் தொடுகை விடக்கூடாது என்றேன். புத்தகத்தில் நல்லாக இருக்கும். அத்தான் கதிரையைத் தொட்டுக்கொண்டிருப்பதிலேயே கவனமாகி இடுப்பை இறுக்கிப் பிடித்து, கைகளை மட்டும் வெளியே எறிந்தார். கதிரைச் சோதனையில் சித்தி, பந்து வேலியில். இரண்டு நாளில் கைவிட்டோம். வேறு ஆளுக்கு வேலை செய்யலாம்.

கால்விரல் வைத்தியம் நன்றாக வேலை செய்தது. வெறுங்காலோடு நின்று, பத்து விரலையும் நிலத்தை விட்டுக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு அரை வீச்சு. விரல் மேலே இருந்தால் பாரம் முன்னுக்குப் போக முடியாது, போனால் விரல் தானாக நிலத்தைப் பிடிக்கும். செம்மண்ணில் அது அச்சாகத் தெரிந்தது. நல்ல அடிக்குப் பிறகு குதிப் பள்ளம், கெட்ட அடிக்குப் பிறகு ஐந்து விரல் நகமும் பதிந்த குழி. மட்டையைப் பார்க்காமலே காலடியைப் பார்த்து நான் "ஷாங்க்" என்று சொல்லத் தொடங்கினேன். அத்தானுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

பொச்சு வைத்தியம் அதைவிட நல்லது. பந்துக்கு அப்பால், மட்டையின் நுனிக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு தேங்காய்ப் பொச்சை வைத்தேன். மட்டை வெளியே போனால் பொச்சு பறக்கும், கைக்கும் மட்டைக்கும் சேதமில்லை. பனை மட்டையை வைக்கலாமென்று அத்தான் சொன்னார், கருக்கு இருக்கிறது, வேண்டாமென்றேன். முதல் நாள் பொச்சு எட்டுத் தரம் பறந்தது, பந்தும் அதோடு. மூன்றாம் நாள் இரண்டு தரம். பொச்சைத் தவிர்க்க வேண்டும் என்கிற யோசனையில் ஷாங்க்கைப் பற்றிய யோசனை மறந்து போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐந்தாம் கிழமை எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில் ஒரு பின்னேரம் பெறாமக்கள் நாலு பேர் வந்து சுற்றி நின்றார்கள். சின்னவன் "பெரியப்பா, இது மாட்டுக்கு அடிக்கிற பந்தோ?" என்று கேட்டான். தொடர்ந்து மூன்று ஷாங்க். பனங்கிழங்கு முறிக்கிற மாதிரிப் பிடியை இறுக்கிக்கொண்டு, அவசரமாக, ஒன்றின் பின் ஒன்றாக. பழைய கிரிக்கெட் உடம்பு அப்படியே திரும்பி வந்தது. அன்று நான் பந்துகளை வாளிக்குள் போட்டு, பிளேன்ரீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையில் செய்ததுதான் இந்த ஆறு கிழமையில் பெரிய மருந்து. "சரி, இனி நடுவிலை அடிக்க வேண்டாம். வேணுமெண்டே நுனியிலை அடியுங்கோ" என்றேன். பந்தை மட்டையின் நுனிக்கு நேரே வைத்து, வெண்கட்டி பூசி, நுனியில் படாவிட்டால் பிழை என்று விளையாட்டாக்கினேன். அத்தான் பத்து அடித்தார். ஒவ்வொன்றுக்கும் "நுனி, நுனி" என்று தானே சொல்லிக்கொண்டார். மட்டையைத் திருப்பிப் பார்த்தோம். ஏழு தடம் நட்ட நடுவில் கிடந்தது, இரண்டு நடுவுக்குக் கொஞ்சம் உள்ளே, ஒன்றே ஒன்று நுனியில்.

"நான் நுனியிலை அடிக்கிறன் எண்டெல்லோ நினைச்சன்?"

அவர் நுனி என்று உணர்ந்தது நடு. இவ்வளவு காலமும் நடு என்று உணர்ந்தது கழுத்துக்கு அடுத்த இடம். கையின் உணர்வும் இரும்பின் தடமும் ஒரு விரலளவு விலகியிருந்திருக்கின்றன. அதைக் கழித்துக்கொண்டு அடிக்கப் பழகுவதுதான் மிச்ச வேலை. அந்த நாளிலிருந்து அவர் ஒவ்வொரு பந்தையும் நுனிப் பக்கம் வைத்துத்தான் தொடங்குகிறார்.

கடைசி நாள் கணக்கு: 7ஆம் நம்பர் அயனால் 30 பந்து, 1 ஷாங்க். சாண்ட் வெட்ஜால் அரை வீச்சில் 20 பந்து, 3 ஷாங்க். வெட்ஜ் இன்னும் குணமாகவில்லை. குட்டி அடியில் உடம்பு சுழலாமல் கைகள் மட்டும் வேலை செய்கின்றன. அதோடு பந்தை உயர்த்த வேண்டும் என்று அவர் மட்டை முகத்தைத் திறந்து பிடிக்கிறார். முகம் திறந்தால் கழுத்து முன்னுக்கு வரும். முகத்தைத் திறக்க வேண்டாம், அந்த வெட்ஜே போதியளவு சாய்ந்துதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கேட்பாரோ தெரியாது.

இந்த மருந்து எல்லா ஷாங்க்குக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பு அசையாமலே மட்டையை வெளியிலிருந்து உள்ளுக்கு வெட்டி ஷாங்க் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளிருந்து வெளியே அளவுக்கு மிஞ்சித் தள்ளி அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெண்கட்டிப் பிறை மூன்று பேருக்கும் ஒன்றுதான். பின்னால் இருந்து ஒரு வீடியோவும் காலடி அச்சும் பார்க்காமல் எந்த மருந்தையும் தொடங்க வேண்டாம். நான் தொடங்கி மூன்று நாளை இழந்தேன்.

புரட்டாதிப் போட்டி முடிந்த இரவு அத்தான் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். 14ஆவது குழியில் ஒன்று மரத்துக்குள் போனதாம். அடுத்ததற்கு விரலைத் தூக்கி, நுனியில் வைத்து அடித்தாராம், போனதாம். புள்ளி எத்தனை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் மாரி தொடங்கியதும் பக்கத்து வளவு அண்ணை வேலியடியில் வந்து நின்றார். கொட்டில் பீலி அடைத்துத் தண்ணீர் மாட்டின்மேல் கொட்டுகிறது என்றார். ஏணி வைத்து நான்தான் ஏறினேன். மாவிலைச் சருகுக்குள் மூன்று பந்து. கொப்பியில் தகரத்துக்கு மேலே போய்த் திரும்பாத பந்து இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. மூன்றாவதில் வெண்கட்டி ஒட்டியிருக்கவில்லை.

அக்காவுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். சிரித்துவிட்டா. தேருக்கு அன்று விடிய நாலு மணிக்கு, எல்லோரும் குளித்து வெளிக்கிடுகிற நேரத்தில், மனிசன் வேட்டியோடு மாமரத்தடிக்குப் போய் ஒன்றே ஒன்று அடித்துப் பார்த்தவராம்.

"அது கணக்கிலை வராது எண்டு சொன்னவர்" என்றா அக்கா.

கொப்பியை எடுத்து 3 என்று திருத்தினேன்.